பேருந்துத் தடங்களின் வரைபடம்: முழு வலையா, நிறுத்தத்திலிருந்து விரியும் சிலந்தியா?

பதிவு 1: மடித்ததாள்

லண்டன் சுரங்க ரயிலின் வரைபடம் என்றால் வடிவமைப்பில் சிறிதேனும் ஆர்வமுள்ள எவருக்கும் தெரியும். ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931-இல் தீட்டி, முதலில் நிராகரிக்கப்பட்டு, 1933-இல் சட்டைப்பைக்குள் அடங்கும் அட்டையாக அச்சேறிய படம் அது. கிடையாக, குத்தாக, 45 பாகைச் சாய்வாக மட்டுமே கோடுகள் ஓடும். தரைக்கு மேலிருந்த உலகத்தில் தேம்ஸ் ஆறு ஒன்றுதான் அதில் மிஞ்சியது. அதே ஊரின் பேருந்து வரைபடத்தைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சுரங்க ரயிலுக்கு 11 தடங்கள், 272 நிலையங்கள். பேருந்துக்குச் சுமார் 675 தடங்கள், 19,000-க்கும் மேற்பட்ட நிறுத்தங்கள். இரண்டையும் ஒரே உத்தியால் வரைய முடியாது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. ஆகவே பேருந்து வரைபடம் நெடுங்காலம் தெருவை விட்டு விலகவே இல்லை. தெருக்களைக் கோடுகளாக வரைந்து, அந்தந்தத் தெருவில் ஓடும் தட எண்களைக் கோட்டின் மேலேயே வரிசையாக அச்சிட்டார்கள். நகருக்குள் ஓடிய சிவப்பு வண்டிகளுக்கு ஒரு தாள், வெளிப்புறத்துப் பச்சை வண்டிகளுக்கு வேறொரு தாள்.

பழைய புத்தகக் கடையில் வாங்கிய அத்தகைய தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. மடிப்புகள் சந்திக்கும் இடங்களிலெல்லாம் பொத்தல் விழுந்துவிட்டது. அதைப் படிப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும்: சந்திப்புக்கு முன்னால் ஆறு எண்கள் இருக்கும், தாண்டியதும் நான்கு இருக்கும், காணாமற்போன இரண்டும் எந்தப் பக்கம் திரும்பின என்பதை விரலை வைத்துத்தான் தேடவேண்டும். தொல்லைதான், ஆனால் அப்படித் தேடித் தேடியே நகரம் மனத்தில் பதிந்துவிடும்.

லண்டன் போக்குவரத்து நிர்வாகம் 2016-இல் முழு நகரத்துக்கான பேருந்து வரைபடங்களை அச்சிடுவதை நிறுத்திவிட்டது. நிறுத்தங்களில் ஒட்டப்படும் ‘சிலந்தி வரைபடங்கள்’ அவ்விடத்தை நிரப்பும் என்றார்கள். என் பார்வையில் அது பெரிய இழப்பு. முழு வலையையும் ஒரே தாளில் பார்க்கும் உரிமை பயணிக்கு இருக்கவேண்டும் என்று கருதுகிறேன். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

பதிவு 2: ஈஸ்ட்ஹாம்வாசி

அண்ணா, நீங்கள் இழப்பு என்று சொல்லும் மாற்றத்துக்குள்ளேயே பல ஆண்டுகளாக வாழ்கிறவன் என்ற முறையில் மறுத்து எழுதுகிறேன்.

சிலந்தி வரைபடத்தைக் கண்டிராதவர்களுக்காக: தாளின் நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதற்குள் இருப்பது உண்மையான தெருப்படம்; நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள தெருக்களும், அங்குள்ள ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஓர் எழுத்தும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அதே எழுத்து நிறுத்தக் கம்பத்தின் உச்சியிலும் இருக்கும். கட்டத்தை விட்டு வெளியே வந்ததும் தெரு மறைந்து, பெக் பாணியில் நிமிர்த்திய வண்ணக்கோடுகள் எட்டுத் திசையிலும் கால் நீட்டுகின்றன. பக்கத்தில் ஊர்ப்பெயர்களின் அகரவரிசைப் பட்டியல்: எந்த ஊர், எந்தத் தடம், எந்த எழுத்துள்ள நிறுத்தம்.

ஒரே தாளுக்குள் இரண்டு வகை உண்மைகளை வைத்திருப்பதுதான் இதன் திறமை. அருகில் இருப்பதை உள்ளபடியே காட்டவேண்டும், ஏனென்றால் சாலையின் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பதில் தவறினால் வண்டி கண்ணெதிரே போய்விடும். தொலைவில் இருப்பதைச் சுருக்கிக் காட்டினால் போதும், ஏனென்றால் வண்டிக்குள் ஏறிய பிறகு வளைவு நெளிவுகளைக் கவனிப்பது ஓட்டுநரின் வேலை.

நான் இருக்கும் கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹாமில் 115-ஐப் பிடித்தால் ஆல்ட்கேட், 147 என்றால் இல்ஃபோர்டு, 101 என்றால் வான்ஸ்டெட். ஊரிலிருந்து வந்த என் அத்தை ஆங்கிலம் அதிகம் அறியாதவர். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்துத் தனியாக இல்ஃபோர்டு சென்று, புடவைக் கடைகளைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டார். 675 தடங்கள் உள்ள தாளை விரித்துக் கொடுத்திருந்தால் அவர் வீட்டைவிட்டே கிளம்பியிருக்கமாட்டார்.

பதிவு 3: மடித்ததாள்

அத்தை சென்று வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் இல்ஃபோர்டில் இறங்கியவர் அங்கிருந்து வேறோர் இடத்துக்குப் போக நினைத்திருந்தால் உங்கள் சிலந்தி அவருக்கு என்ன சொல்லியிருக்கும்? அந்த வரைபடம் ஒரு வண்டியில் ஏறி இறங்கும் பயணத்தை மட்டுமே அறியும். மாறி ஏறவேண்டிய பயணத்துக்கு அதில் விடை இல்லை. அடுத்த நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அடுத்த சிலந்தியைப் போய்ப் பார்க்கவேண்டும். கிணற்றுக்கொரு படம் வரைந்து கொடுத்துவிட்டு ஆறு எங்கே ஓடுகிறது என்பதை மறைத்துவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பதிவு 4: எழுத்துச்சட்டம்

அச்சு எழுத்து வடிவமைப்பில் இருப்பவன் என்பதால், இருவரும் தொடாத ஒரு சிக்கலைச் சொல்கிறேன். இந்த வரைபடங்களையெல்லாம் தமிழில் செய்தால் என்ன ஆகும்?

முதலாவது, நீளம். ‘அடையாறு’ என்றால் தப்பித்தோம். ‘திருவல்லிக்கேணி’, ‘சைதாப்பேட்டை’, ‘ஸ்ரீபெரும்புதூர்’ ஆகியவற்றை அடுத்தடுத்த நிறுத்தங்களுக்கு எழுதினால் ஒரு பெயரின் வால் அடுத்த பெயரின் தலையில் ஏறிவிடும். பெயரைச் சாய்த்து எழுதலாம் என்பார்கள். தமிழ் எழுத்து வரிக்கு மேலும் கீழும் நீள்கிறது. மேலே புள்ளியும் இகரக் கொக்கியும், கீழே உகரச் சுழிகளும். சாய்த்துச் சிறிதாக அச்சிட்டால் முதலில் மறைவது புள்ளிதான். புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும், ஊர்ப்பெயரே மாறிப்போகும்.

இரண்டாவதைத்தான் வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. ஆங்கில வரைபடத்தில் முக்கிய இடங்களை முழுவதும் பெரிய எழுத்தில் எழுதி மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது எளிய வழக்கம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. எனவே முக்கியத்துவத்தைத் தடிமனாலோ அளவாலோ நிறத்தாலோதான் உணர்த்தமுடியும். நிறம் ஏற்கெனவே தடங்களுக்குச் செலவாகிவிட்டது. தடிமன் கூடினால் ‘ண’, ‘ன’ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மிச்சமிருப்பது அளவு, அதற்குத் தாளில் இடமில்லை. ஆங்கிலத்தில் வரைந்து முடித்த படத்தின் மீது தமிழ்ப் பெயர்களை ஒட்டுகிற வேலை இதனால்தான் அலங்கோலமாக முடிகிறது. பெயர்களின் நீளத்தை முதலில் அளந்துவிட்டுக் கோடுகளைப் பிறகு வரையவேண்டும்.

பதிவு 5: சீட்டுக்கத்தை

ஐயா, அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற நடத்துநர். வரைபடம் என்று ஒன்றை வைத்து நாங்கள் வண்டி ஓட்டியதில்லை. எங்களிடம் இருந்தது ஸ்டேஜ் அட்டை. புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடம் வரை ஸ்டேஜ்கள் ஒரு பக்கம் வரிசையாக இருக்கும். எந்த ஸ்டேஜிலிருந்து எந்த ஸ்டேஜுக்கு என்ன கட்டணம் என்பது படிக்கட்டு போல இறங்கும் முக்கோண அட்டவணையாக இருக்கும். அதில் வளைவும் இல்லை, திசையும் இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் அந்தப் படிக்கட்டுதான் என் தலைக்குள் இருந்த ஊர்.

தம்பிமார்கள் வரைகிற கோடுகளைப் பார்க்கும்போது ஒரு சந்தேகம் எழுகிறது. சென்னையில் ஒரு தட எண் என்பது எப்போதும் ஒரே தடமன்று. 29சி என்றால் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஒரு தடத்தின் வண்டி வழியிலேயே நின்று திரும்பினால் அது கட் சர்வீஸ். கடைசி நிறுத்தத்தைத் தாண்டிப் போனால் நீட்டிப்பு. எண்ணுக்குப் பின்னால் சிறிய எழுத்தில் அதைப் போட்டிருப்பார்கள். எண்ணை மட்டும் பார்த்து ஏறிவிட்டு, பாதியில் இறங்கச் சொன்னால் பயணி சண்டைக்கு வருவார், அவர் மேலும் தவறில்லை. உங்கள் கோட்டில் இந்த வேறுபாட்டை எப்படிக் காட்டுவீர்கள்?

பதிவு 6: ஈஸ்ட்ஹாம்வாசி

ஐயா, நல்ல கேள்வி. புள்ளிக்கோடு போடலாம் என்று எழுத வந்தேன். பிறகு யோசித்தால், ஒரு நாளில் நாற்பது நடையில் இரண்டு நடை மட்டும் நீளும் தடத்துக்குப் புள்ளிக்கோடு போட்டாலும் அது பொய் நம்பிக்கைதான்.

பதிவு 7: பத்துநிமிடம்

நடத்துநர் ஐயா கேட்டதுதான் இந்த விவாதத்தின் மையம் என்று நினைக்கிறேன். இதுவரை எல்லோரும் வண்டி எங்கே போகிறது என்பதைப் பற்றியே எழுதியிருக்கிறோம். எப்போது வரும் என்பதை எந்தக் கோடு சொல்கிறது?

நெடுஞ்சாலை வரைபடத்தில் நான்குவழிச் சாலையையும் மண்பாதையையும் ஒரே தடிமனில் எவரும் வரையமாட்டார்கள். பேருந்து வரைபடத்தில் மட்டும் ஐந்து நிமிடத்துக்கொரு வண்டி வரும் தடமும், காலையில் ஒன்று மாலையில் ஒன்று என ஓடும் தடமும் ஒரே கோடாக நிற்கின்றன. பொதுப்போக்குவரத்துத் திட்ட ஆலோசகரான ஜாரெட் வாக்கர் இதைப் பல ஆண்டுகளாகவே வலியுறுத்தி வருகிறார். அவர் பங்கேற்ற ஹூஸ்டன் நகரின் மறுசீரமைப்பு 2015 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது, வரைபடத்தின் நிறங்கள் காத்திருப்பு நேரத்தைக் குறித்தன: 15 நிமிடத்துக்குள் வரும் தடங்கள் சிவப்பு, அரைமணிக்கொன்று வருபவை நீலம், ஒரு மணிக்கொன்று வருபவை பச்சை. சிவப்புக் கோடுகளை மட்டும் கண்ணால் தொடர்ந்தாலே, நேர அட்டவணை பார்க்காமல் எங்கெல்லாம் போய்வரலாம் என்பது தெரிந்துவிடும்.

மடித்ததாள் அவர்களே, முழு வலையைக் காட்டும் தாள்தான் வேண்டும் என்றால் அது இப்படிப்பட்ட தாளாக இருக்கட்டும். எல்லாக் கோடும் சமம் என்று சொல்லும் தாள், கையில் நேரம் மிகுதியாக உள்ளவர்களுக்குத்தான் உதவும்.

பதிவு 8: மடித்ததாள்

ஒப்புக்கொள்கிறேன். என் பழைய தாளின் மீதுள்ள பற்றில் இதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். இருந்தாலும், நிறத்தைக் காத்திருப்பு நேரத்துக்குக் கொடுத்துவிட்டால் ஒரு தடத்தை இன்னொரு தடத்திலிருந்து எதைக்கொண்டு பிரிப்பது? ஹூஸ்டனின் சாலைகள் பெரும்பாலும் கட்டம் கட்டமாக ஓடுவதால் ஒரு சாலைக்கு ஒரு கோடு என்று அங்கே தப்பிக்கலாம். எங்கள் அண்ணாசாலை போன்ற ஒரே சாலையில் எத்தனையோ தடங்கள் சேர்ந்து ஓடினால், அத்தனையும் ஒரே சிவப்புப் பட்டையாகிவிடும்.

மேலும், தெருவிலிருந்து அளவுக்கு மீறி விலகினாலும் பயணிகள் பொறுக்கமாட்டார்கள் என்பதற்கு நியூயார்க் சான்று. மாசிமோ விக்னெல்லி 1972-இல் அந்நகரின் சுரங்க ரயிலுக்கு வரைந்த படம் அழகானது. ஆனால் நீளமான சென்ட்ரல் பார்க் அதில் சாம்பல் நிறச் சதுரமாகவும், நீர்ப்பரப்பு மணல் நிறமாகவும் இருந்தன. குறைகள் குவிந்து, 1979-இல் நிலவியலுக்கு நெருக்கமான வேறு படம் வந்தது. மண்ணுக்கு அடியில் போகிறவர்களுக்கே அப்படியென்றால், சன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு போகும் பேருந்துப் பயணி என்ன சொல்வார்?

பதிவு 9: ஈஸ்ட்ஹாம்வாசி

ஒரு சிறு குறிப்பு, அண்ணா. நியூயார்க்கில் 2025-இல் மீண்டும் விக்னெல்லியின் வழியைப் பின்பற்றிய கோட்டுப்படத்துக்கே திரும்பிவிட்டார்கள். ஆகவே அந்தச் சான்று இரண்டு பக்கமும் வெட்டும்.

பதிவு 10: பத்துநிமிடம்

மடித்ததாள் அவர்கள் அண்ணாசாலையைச் சொன்னது, வரைபடத்துக்கு வெளியே போகவேண்டிய கேள்வி. கோடுகள் பட்டையாகக் குவிவது வரைகிறவர் செய்த பிழையன்று. தடங்களே அப்படிப் பின்னிக்கிடக்கின்றன. கண்ணாடியைத் துடைத்தால் முகத்தின் மரு போய்விடாது.

இரண்டு நகரங்கள் வரைபடத்தைத் தொடாமல் தடங்களைத் தொட்டன. சியோல் 2004 ஜூலை 1 அன்று ஒரே நாளில் மாறியது. முதன்மைச் சாலைகளில் நெடுந்தூரம் ஓடுபவை நீலம், ரயில் நிலையத்துக்கும் குடியிருப்புக்கும் இடையே ஓடுபவை பச்சை, புறநகர் விரைவு வண்டிகள் சிவப்பு, மையத்தைச் சுற்றி வருபவை மஞ்சள் என நான்கு வகை. வண்டியின் உடலுக்கே அந்த நிறம். நகரத்தை எண்ணிட்ட மண்டலங்களாகப் பிரித்து, நீல வண்டியின் எண்ணில் முதல் இலக்கம் புறப்படும் மண்டலத்தையும் இரண்டாம் இலக்கம் சேரும் மண்டலத்தையும் குறிக்கும்படி வைத்தார்கள். எண்ணைப் படித்தாலே பாதி வரைபடம் மனத்தில் விரிகிறது.

பார்சிலோனா பொறுமையாகச் செய்தது: 2012-இல் தொடங்கி 2018-இல் முடித்தார்கள். திட்டத்தில் 28 தடங்கள். கடற்கரைக்கு இணையாகக் கிடையாக ஓடுபவை 8, கடலிலிருந்து மலையை நோக்கிக் குத்தாக ஓடுபவை 17, மூலைவிட்டமாக 3. கிடைக்கு இரட்டைப்படை எண்கள், குத்துக்கு ஒற்றைப்படை எண்கள். எங்கே நின்றாலும் ஒரு கிடை, ஒரு குத்து, நடுவில் ஒருமுறை மாறினால் எங்கும் போய்விடலாம் என்பது கருத்து. மாறி ஏறுவதற்குச் சிலந்தியிடம் விடையில்லை என்று மூன்றாம் பதிவில் எழுதினீர்களே, அதற்குத் தாளில்லாமலே கிடைத்த விடை இது.

பதிவு 11: சீட்டுக்கத்தை

தம்பி, நிறம் போட்ட வண்டி என்றதும் பயமாக இருக்கிறது. பணிமனையில் ஒரு வண்டி பழுதாகிவிட்டால் கைக்குக் கிடைத்த வண்டியைத்தான் தடத்துக்கு அனுப்புவார்கள். நீல வண்டி பச்சைத் தடத்தில் ஓடும் நாளில் உங்கள் வரைபடம் எல்லோரையும் தவறான இடத்துக்கு அனுப்பும். அதற்குப் பலகையை மட்டும் மாற்றுவது எவ்வளவோ மேல்.

பதிவு 12: தரவுத்திண்ணை

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். கைப்பேசி வந்த பிறகு வரைபடமே எதற்கு என்று யாரேனும் கேட்பார்கள் என எதிர்பார்த்தேன். ஒருவரும் கேட்காததால் நானே கேட்டு நானே பாதி மறுக்கிறேன்.

2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து அமைப்பான டிரைமெட்டும் கூகுளும் சேர்ந்து, பேருந்து அட்டவணைகளை ஒரே வடிவில் எழுதும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். இன்று உலகம் முழுவதும் வழங்கும் ஜிடிஎஃப்எஸ் அதுதான். உள்ளே இருப்பவை காற்புள்ளியிட்ட எளிய உரைக்கோப்புகள்: நிறுத்தங்கள் ஒன்றில், தடங்கள் ஒன்றில், நடைகள் ஒன்றில், ஒவ்வொரு நடையும் ஒவ்வொரு நிறுத்தத்தைத் தொடும் நேரம் இன்னொன்றில். நடத்துநர் ஐயா கேட்ட கட் சர்வீஸ் இதில் சிக்கலே இல்லை, ஏனென்றால் இங்கே அடிப்படை அலகு தடமன்று, நடை. பாதியில் திரும்பும் நடைக்குப் பாதி நிறுத்தங்களை மட்டும் எழுதினால் முடிந்தது.

ஆனால் இதைப் படிக்கும் செயலி, கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லும். இங்கிருந்து அங்கே போக மூன்று வழி என்று காட்டும். அந்த வழியிலேயே இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு கடற்கரை இருப்பதைச் சொல்லாது. போகுமிடம் இன்னும் முடிவாகாதவருக்கு, வாடகைக்கு வீடு தேடுபவருக்கு, புதிய பள்ளியை யோசிக்கும் பெற்றோருக்குச் செயலி உதவாது, தாள் உதவும். அந்த வகையில் மடித்ததாள் அவர்களின் பக்கமே நிற்கிறேன்.

பதிவு 13: மடித்ததாள்

ஒரு வாரமாக நான் ஏன் எழுதவில்லை என்றால், எங்கள் தெருமுனை நிறுத்தத்துக்கு ஒரு சிலந்தி வரைந்து பார்த்தேன். எதிர்த்துப் பேசுவதற்கு முன்னால் ஒருமுறை செய்து பார்த்துவிடுவோம் என்ற எண்ணம்.

இரண்டு மாலை குறிப்பேட்டுடன் நிறுத்தத்தில் உட்கார்ந்து வந்த பலகைகளை எல்லாம் எழுதிக்கொண்டேன். மொத்தம் 9 எண்கள். நடுக்கட்டம் எளிதாக வந்தது: தேநீர்க் கடை, மருந்துக்கடை, எதிர்ப்பக்க நிறுத்தம். அதற்கு அப்பால்தான் தடுமாற்றம். ஒரு தடம் போகும்போது ஒரு தெருவிலும், ஒருவழிப் பாதை காரணமாக வரும்போது வேறொரு தெருவிலும் ஓடுகிறது. ஒரே கோட்டில் அதைக் காட்டினால் திரும்பி வருகிறவர் தவறான முனையில் நிற்பார். இரண்டு கோடாக்கி அம்புக்குறி போட்டேன். எழுத்துச்சட்டம் சொன்னபடி பெயர்களை முதலில் எழுதிவிட்டுக் கோடுகளைப் பிறகு வரைந்ததால் மூன்று தாளோடு தப்பித்தேன். இல்லாவிட்டால் பத்தாவது கிழிந்திருக்கும். பத்துநிமிடம் சொன்னதற்காக அடிக்கடி வரும் நான்கு தடங்களைத் தடித்த கோடாகவும் மற்ற ஐந்தை மெல்லிய கோடாகவும் வரைந்தேன்.

நகலெடுத்துத் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டக் கடைக்காரர் அனுமதித்தார். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது, யாரோ பால்பாயிண்ட் பேனாவால் மெல்லிய கோடுகளில் ஒன்றின் பக்கத்தில் ‘கடைசி 9.40’ என்று எழுதியிருந்தார்கள். நேற்று அதன் கீழே வேறொரு கையெழுத்தில் ‘ஞாயிறு இல்லை’ என்று இருந்தது.

பதிவு 14: சீட்டுக்கத்தை

ஐயா, அடுத்த நகலில் ஒவ்வொரு கோட்டின் முனையிலும் இரண்டு விரற்கடை வெற்றிடம் விடுங்கள். பேனா ஒன்றையும் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அந்த 9.40 வண்டி பணிமனைக்குத் திரும்பும் நடையாக இருக்கலாம். அப்படியானால் கடைசி ஸ்டேஜ் வரை போகாது. நாளை இரவு ஒருமுறை நின்று நடத்துநரிடம் கேட்டு எழுதுங்கள்.